வெற்றி–தோல்விக் கணக்கைப் படிப்பது எப்படி?

தொலைக்காட்சியில் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி பார்க்கும் பிள்ளைகள், "இந்த வீரர் 11–3" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். முதல் எண் வெற்றி, அடுத்தது தோல்வி. ஆனால் எண்களை மட்டும் படித்தால் போதாது. ஒரு ரயில் எஞ்சின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதோடு, எத்தனை பெட்டிகளை எந்த ஏற்றத்தில் இழுத்தது என்றும் பார்க்க வேண்டுமல்லவா? அதுபோல இங்கும் மூன்று கேள்விகள் உண்டு. ஹெவிவெயிட் வீரர் அர்ஜன் சிங் புல்லரின் கணக்கை எடுத்துக்கொள்வோம்.

இவர் கனடாவில் வளர்ந்த பஞ்சாபியர். மல்யுத்த வீரரின் மகன். 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் 120 கிலோ மல்யுத்தப் பிரிவில் கனடாவுக்காகத் தங்கம் வென்றவர்.

முதல் கேள்வி: யாரிடம்? பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணப் போட்டிகளில் பட்டம் வென்று, 6–0 என்ற கணக்குடன் 2017-ல் யு.எஃப்.சி.க்குச் சென்றார். அங்கே 3–1. பார்வைக்கு 6–0 அழகு. ஆனால் எதிராளிகளின் தரத்தைப் பார்த்தால் 3–1 தான் கனமானது.

இரண்டாவது: எப்படி? அந்த மூன்று வெற்றிகளும் நடுவர்களின் புள்ளிகளால் கிடைத்தவை. எதிராளியைக் கீழே தள்ளி அடக்குவது இவரது பலம். 2018-ல் வந்த முதல் தோல்வியோ, கீழே கிடந்த ஆடம் வீச்சோரெக் கால்களால் இவரது தோளைப் பூட்டியதால் வந்தது. மல்யுத்தம் மட்டும் தெரிந்தால் போதாது என்பதை அந்த '1' சொல்கிறது.

மூன்றாவது: எப்போது? 2021 மே மாதம் 'ஒன் சாம்பியன்ஷிப்' அமைப்பில், 2015 முதல் பட்டத்தை வைத்திருந்த பிராண்டன் வேராவை இரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். பெரிய அமைப்பு ஒன்றில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்திய வம்சாவளி வீரர் இவரே. கணக்கு 11–1 ஆனது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் களம் இறங்கவில்லை. 2023 ஜூனில் அனத்தோலி மாலிகின் மூன்றாம் சுற்றில் இவரை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். 11–1, 11–2 ஆகிய இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியை எண்கள் காட்டுவதில்லை.

2024 மார்ச்சில் வந்த மூன்றாம் தோல்வி வேறு விதம். முனைந்து சண்டையிடவில்லை என்று நடுவர் பலமுறை எச்சரித்துத் தகுதி நீக்கம் செய்தார்.

ஆக, தோல்விகள் மூன்று, காரணங்களும் மூன்று. பூட்டுப் பிடிக்கு மாற்றுப் பிடி கற்கலாம். இடைவெளிக்குப் பயிற்சி உண்டு. முனைப்பின்மைக்கு மருந்து வேறு. இனி பிள்ளைகள் ஒரு கணக்கைச் சொன்னால் யாரிடம், எப்படி, எப்போது என்று கேளுங்கள். மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுக்கும்போதும் இதே கேள்விகள் உதவும்.