எட்மண்டின் மீட்சி
சிறுவர் புனைகதை ஒன்றில் துரோகமும் கழிவிரக்கமும்

முன்னுரை

சிறுவர்க்கென எழுதப்பெறும் கதைகளை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடும் வழக்கம் கற்றோரிடையேயும் உண்டு. பேசும் விலங்குகளும் சூனியக்காரியும் உலவும் கதையில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்பர். எனினும், அறத்தின் நுட்பங்கள் சிலவற்றைப் பெரியோர்க்கான புதினங்களைவிடத் தெளிவாக இத்தகைய கதைகள் காட்டிவிடுவதுண்டு. உடன்பிறந்தாரையே காட்டிக்கொடுத்த சிறுவன் ஒருவன் எவ்வாறு திருந்தினான், திருந்தியபின் என்னவானான் என்பதைக் கூறும் ஆங்கிலக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு, துரோகம், கழிவிரக்கம், மீட்சி ஆகிய மூன்றும் அதில் அமைந்துள்ள முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலும் ஆசிரியரும்

ஈண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நூல் சி. எஸ். லூயிஸ் எழுதி 1950இல் வெளிவந்த 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்' என்பதாகும். சிங்கமும் சூனியக்காரியும் உடை அலமாரியும் என்பது இப்பெயரின் பொருள். 1950 முதல் 1956 வரை வெளிவந்த ஏழு நார்னியாக் கதைகளுள் முதலில் வெளிவந்தது இதுவே. லூயிஸ் 1898இல் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர், பின்னர் கேம்பிரிட்ஜில் பேராசிரியராக அமர்ந்தவர், 1963இல் மறைந்தவர். 1939இல் உலகப் போர் மூண்டபோது, குண்டுவீச்சுக்கு அஞ்சி இலண்டனிலிருந்து வெளியூர்களுக்கு அனுப்பப்பெற்ற சிறுவர்களுள் சிலர் அவருடைய இல்லத்தில் தங்கினர். கதையும் அவ்வாறே தொடங்குகிறது.

பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி என்னும் நால்வர் நாட்டுப்புறத்திலுள்ள முதிய பேராசிரியர் ஒருவரின் மாளிகைக்கு அனுப்பப்படுகின்றனர். அங்குள்ள ஓர் உடை அலமாரியே நார்னியா என்னும் மாய நாட்டுக்கு வாயிலாகிறது. அந்நாட்டை வெள்ளைச் சூனியக்காரி ஆள்கிறாள். அவள் ஆட்சியில் நூறாண்டுகளாகப் பனிக்காலம் நீங்கவில்லை. தன்னை எதிர்ப்பாரைக் கோலால் தொட்டுக் கல்லாக்கிவிடுவாள். அந்நாட்டின் மெய்யான தலைவன் அஸ்லான் என்னும் சிங்கம். 'அஸ்லான்' என்பது சிங்கத்தைக் குறிக்கும் துருக்கிச் சொல். லேன் என்பாரின் ஆயிரத்தொரு இரவுகள் மொழிபெயர்ப்பிலுள்ள குறிப்புகளில் இச்சொல்லைக் கண்டெடுத்ததாக லூயிஸே எழுதியுள்ளார். கீழைக் கதைமரபின் ஒரு துளி இந்நூலில் கலந்திருப்பது நம்மவர்க்குச் சுவை பயப்பதாகும்.

துரோகம் வளரும் முறை

துரோகம் ஒரே நாளில் முளைப்பதன்று. எட்மண்டின் வீழ்ச்சியை ஆசிரியர் படிப்படியாகக் காட்டுகிறார். முதற்படி ஒரு தின்பண்டம். பனியில் தனித்து நின்ற அவனைச் சூனியக்காரி தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, அவன் விரும்பிய துருக்கி இனிப்பைக் கொடுக்கிறாள். துருக்கியர் 'லோக்கும்' என வழங்கும் இனிப்பு அது. இங்கிலாந்தில் 1942 முதல் 1953 வரை, 1949இல் சில மாதங்கள் நீங்கலாக, மிட்டாய் வகைகள் பங்கீட்டு முறையிலேயே கிடைத்தன என்பதை நினைத்தால், அன்றைய சிறுவர்க்கு அது எத்துணைப் பெரிய ஆசை என்பது விளங்கும். உண்ண உண்ண மேலும் வேண்டும் என்னும் வெறியை ஊட்டுவது அம்மாய இனிப்பு. அதைத் தின்றுகொண்டே, தங்கை லூசி இந்நாட்டில் யாரைச் சந்தித்தாள் என்பதையும் அவன் சொல்லிவிடுகிறான். உடன்பிறந்தாரை அழைத்து வந்தால் இளவரசனாக்குவேன் என்று அவள் ஆசை காட்டுகிறாள்.

இரண்டாம் படி ஒரு பொய். நார்னியாவைத் தானும் கண்டுவிட்டு, அது வெறும் விளையாட்டு என்று மூத்தோரிடம் கூறி, லூசியைப் பொய்யளாக்குகிறான். அப்பொய் பின்னர் வெளிப்பட்டபோது பீட்டர் கடிந்துகொள்ள, எட்மண்டின் உள்ளத்தில் வருத்தத்திற்கு மாறாகப் பழிவாங்கும் எண்ணமே எழுகிறது. மூன்றாம் படியே காட்டிக்கொடுத்தல். நீர்நாய் இணையர் வீட்டில் எல்லாரும் உணவருந்தியிருக்கையில், அஸ்லானைச் சந்திக்கவிருக்கும் இடத்தைக் கேட்டறிந்தபின் ஒருவரும் அறியாமல் நழுவிச் சென்று, பகைத்தலைவியிடம் அதனைச் சொல்லிவிடுகிறான்.

பனியில் நடந்து செல்லும்போது அவன் தனக்குள் வாதிடும் பகுதி நோக்கத்தக்கது. அவள் தன் உடன்பிறந்தாருக்குப் பெருந்தீங்கு ஒன்றும் செய்துவிடமாட்டாள் என்று தன்னையே தேற்றிக்கொள்கிறான். எனினும், அவள் கொடியவள் என்பதை அடிமனத்தில் அவன் அறிந்தே இருந்தான் என்கிறார் ஆசிரியர். பிறரை ஏமாற்றுமுன் மனிதன் தன்னை ஏமாற்றிக்கொள்கிறான் என்னும் உண்மை இங்குப் புலனாகிறது.

இவனுக்கு எதிர்நிலையில் டும்னஸ் என்னும் பாத்திரம் படைக்கப்பட்டுள்ளது. ஆட்டின் கால்களை உடைய பாதி மனிதன் அவன். லூசியைப் பிடித்துக்கொடுக்கும் வேலையை ஏற்றவன். விருந்திட்டு, இசைத்து, அவளை உறங்கச் செய்ய முயல்கிறான். ஆனால் செயல் முடியுமுன்பே அழுது, உண்மையைக் கூறி, அவளைப் பாதுகாப்பாக அனுப்பிவிடுகிறான். அதற்காகக் கல்லாக்கப்படுகிறான். துரோகத்தின் வாயிலில் நின்றும் ஒருவன் திரும்பலாம். அதற்கு விலை உண்டு என்பதை இப்பாத்திரம் உணர்த்துகிறது.

தன்னிரக்கமும் கழிவிரக்கமும்

இக்கதையின் உயிர்நிலை இப்பகுதியிலேயே உள்ளது. சூனியக்காரியின் கோட்டையில் எட்மண்டுக்கு இனிப்பும் அரியணையும் கிடைக்கவில்லை. உலர்ந்த ரொட்டியும் நீருமே கிடைக்கின்றன. மேலங்கியின்றிப் பனியில் வண்டியிற் கொண்டுசெல்லப்படுகிறான். இவையெல்லாம் கனவாக இருக்கக்கூடாதா என ஏங்குகிறான். இதனைக் கழிவிரக்கம் எனக் கொள்ளலாமா? கொள்ளலாகாது. தான் நனைந்ததற்கும் தான் குளிரில் நடுங்கியதற்கும் தான் ஏமாந்ததற்கும் இரங்கும் இரக்கம் அது. அதைத் தன்னிரக்கம் என்பதே பொருந்தும். இனிப்புக் கிடைத்திருந்தால் அவ்வருத்தம் எழுந்தே இராது.

வழியில் அணில் குடும்பமும் நரியும் வேறு சிலரும் மரத்தடியில் அமர்ந்து மகிழ்ச்சியாக விருந்துண்ணக் காண்கிறாள் சூனியக்காரி. சினந்து கோலை ஓங்குகிறாள். வேண்டாம், வேண்டாம் என்று எட்மண்ட் கதறுகிறான். அவர்கள் கல்லாகின்றனர், அவன் கன்னத்தில் அறை விழுகிறது. தன்னை நினைந்தன்றிப் பிறரை நினைந்து எட்மண்ட் வருந்தியது இக்கதையில் அதுவே முதன்முறை என்று ஆசிரியர் குறிப்பிடுகிறார். அவன் காப்பாற்ற முயன்றது அண்ணனையோ தங்கையையோ அன்று; முன்பின் அறியாத அணிலை. காப்பாற்றவும் இயலவில்லை. ஆயினும் அந்த நொடியிலேதான் அவன் திரும்பினான். தன் துன்பம் மனிதனைத் தளரச் செய்யும். பிறர் துன்பமே அவனைத் திருப்பும். தன்னிரக்கத்திற்கும் கழிவிரக்கத்திற்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு இதுவெனலாம்.

மன்னிப்பும் ஈடும்

மீட்கப்பட்ட எட்மண்டை அஸ்லான் தனியே அழைத்துச் சென்று பேசுகிறது. என்ன பேசிற்று என்பதை ஆசிரியர் எழுதவில்லை. எட்மண்ட் அதனை என்றும் மறக்கவில்லை என்று மட்டும் கூறுகிறார். பின்னர் அவனை உடன்பிறந்தாரிடம் ஒப்படைத்து, கடந்ததைப் பற்றி இனிப் பேச வேண்டியதில்லை என்கிறது சிங்கம். அவன் ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கி, வருந்துவதாகக் கூறுகிறான். அவர்களும் ஓரிரு சொற்களில் ஏற்றுக்கொள்கின்றனர். இங்கு நெடிய அறிவுரை இல்லை. கண்டனப் பேச்சும் இல்லை. கடிந்துரைத்தல் தனிமையில் நடந்தது. ஏற்றுக்கொள்ளல் எல்லார் முன்னிலையிலும் நடந்தது. நாம் பெரும்பாலும் இதனை மாற்றியே செய்கிறோம்.

எனினும், உடன்பிறந்தார் பொறுத்ததனால் மட்டும் கடன் தீர்ந்துவிடவில்லை. துரோகியின் உயிர் தனக்கு உரியது என்பது நார்னியாவின் தொன்மையான சட்டம் எனச் சூனியக்காரி வந்து வழக்குரைக்கிறாள். அஸ்லான் சட்டத்தை மறுக்கவில்லை. அவனுக்கு ஈடாகத் தன்னுயிரைக் கொடுத்து, பின் உயிர்த்தெழுகிறது. லூயிஸ் கிறித்தவ நம்பிக்கையில் ஊன்றியவர். அந்நம்பிக்கையின் சாயலே இப்பகுதி. ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது இசுலாமியக் கோட்பாடு. ஆகலின் நம் வாசகர் இவ்விடத்தில் ஆசிரியரினின்றும் வேறுபடுவர். ஆனால் தவ்பாவுக்கு நம் அறிஞர் கூறும் நெறிகளான தவற்றை விடுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதிகொள்ளுதல், பிறர் உரிமையைப் பறித்திருந்தால் அதனை மீட்டளித்தல் ஆகியவற்றின் ஒளியில் எட்மண்டின் பிற்கால வாழ்வை நோக்கினால், அவனைப் புரிந்துகொள்வதில் நமக்கு இடர்ப்பாடு இல்லை.

வள்ளுவர் வினைத்தூய்மை அதிகாரத்தில், பின்னர் இரங்கும்படியான செயலைச் செய்யற்க என்று கூறி, ஒருகால் செய்துவிட்டாற் செய்யத்தக்கது யாது என்பதையும் கூறுகிறார். அத்தகைய செயலை மீண்டும் செய்யாதிருத்தல் நன்று எனப் பொருள் கொள்வர் மு. வரதராசனார் போன்றோர். பரிமேலழகரோ, செய்தபின் இரங்கிக்கொண்டே இராமை நன்று எனப் பொருள் கொள்கிறார். எட்மண்டின் கதையில் இவ்விரு உரைகளும் ஒருங்கே பொருந்துகின்றன. சூனியக்காரி எல்லார் முன்பும் அவனைத் துரோகி எனச் சுட்டியபோது அவன் கூனிக்குறுகவில்லை. தன்னைப் பற்றிய நினைவையே கடந்தவனாய் அஸ்லானையே நோக்கி நின்றான். வருத்தம் தன் வேலையை முடித்துவிட்டது. இனிச் செயலே எஞ்சியிருந்தது.

மீண்டவன் ஆற்றிய பணி

அச்செயல் போர்க்களத்தில் நிகழ்கிறது. மற்றையோர் சூனியக்காரியையே தாக்கச் சென்று கல்லாயினர். எட்மண்ட் மட்டும் அவள் கோலை வாளால் வெட்டி முறித்தான். போரின் போக்கு மாறிற்று. அக்கோலின் கொடுமையை அருகிருந்து கண்டவன் அவன். இழிந்த பொழுதில் பெற்ற அறிவு நல்வினைக்குப் பயன்பட்டது. அப்போரில் கடுமையாகக் காயமுற்ற அவன் தேறி எழுந்தபோது, பிறர் முகத்தை நேராக நோக்கும் பழைய எட்மண்டாக ஆகியிருந்தான் என்பது ஆசிரியர் தரும் குறிப்பு.

பின்னர் நால்வரும் அரசராகின்றனர். அப்பொழுது எட்மண்டுக்கு வாய்த்த பட்டம் 'நீதிமான்' என்பது. அவையிலும் தீர்ப்பிலும் சிறந்தவனாக அவன் விளங்கினான். குற்றமே செய்யாத பீட்டருக்கு அப்பட்டம் தரப்படவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. 1952இல் வெளிவந்த மற்றொரு கதையில், தன் தீய குணத்தால் அல்லலுற்று வெட்கி நிற்கும் யூஸ்டஸ் என்னும் உறவுச் சிறுவனிடம், நீயாவது அறிவிலியாகத்தான் இருந்தாய், நான் துரோகியாகவே இருந்தேன் என்னும் கருத்துப்படக் கூறி அவனைத் தேற்றுகிறான். 1954இல் வெளிவந்த கதையில், பிடிபட்ட பகை இளவரசனுக்குத் தண்டனை பற்றி ஆராயும் அவையில், துரோகியும் திருந்தலாம், அவ்வாறு திருந்திய ஒருவனை நான் அறிவேன் என்று கூறி, சிந்தனையில் ஆழ்கிறான். கடந்ததைப் பிறர் பேசவில்லை. பிறர்க்கு உதவும் என்றபோது அவனே பேசினான். மீட்சி நிறைவுற்றதன் அடையாளம் இதுவே.

முடிவுரை

இக்கதையைப் படித்தபொழுது என் ஆசிரிய வாழ்வில் நிகழ்ந்த ஒன்று என்னை உறுத்தியது. மாணவர் ஒருவர் தம் நண்பரின் கட்டுரை ஏட்டைப் பார்த்து எழுதி முதலில் ஒப்படைத்தார். நண்பரே பார்த்தெழுதினார் எனப் பழி நண்பர்மேல் விழுந்தது. இரண்டு நாள் கழித்து அம்மாணவர் தாமே வந்து உண்மையைக் கூறினார். வகுப்பில் எழுந்து நின்று நண்பரிடம் மன்னிப்பும் கேட்டார். நண்பர் அன்றே பொறுத்துவிட்டார். நானும் பொறுத்ததாகச் சொன்னேன். ஆனால் அவ்வாண்டு முழுவதும் ஏடு திருத்தித் தரும்போதெல்லாம், "தம்பி, இது உன் ஏடுதானா?" என்று கேட்டு வகுப்பைச் சிரிக்க வைத்தேன். ஆண்டு முடிவதற்குள் அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டார். தவறு செய்தவர் இரண்டே நாளில் திருந்தினார், திருந்தாதிருந்தவன் நானே. அவரை நேரிற் கண்டு மன்னிப்புக் கேட்கும் கடன் எனக்கு இன்னும் உள்ளது. இதனை எழுதிய பின் அதனைத் தள்ளிப்போட எனக்கு வழியில்லை.

துரோகம் சிறு ஆசையில் தொடங்கிப் பொய்யில் வளர்கிறது. கழிவிரக்கம் பிறர்க்கு இரங்குவதில் தொடங்குகிறது. மீட்சி பிறர்க்குப் பயன்படுவதில் நிறைவுறுகிறது என்பன இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகளாகும். தவறியவர் எழுந்து வருதல் அவர் கடமை. எழுந்து வந்தவரைப் பழைய பெயரால் அழையாதிருத்தல் ஆசிரியர், பெற்றோர், பெரியோர் ஆகிய நம் அனைவரின் கடமை.