நெய்தல் நிலத்துச் சோறும் மருத்துவ ஆய்வும்

நெய்தல் நிலத்து மக்கள் மீனையும் உப்பையும் கொடுத்து மாற்றாக நெல்லைப் பெற்றனர் என்பதைச் சங்கப் பாடல்களில் பலவிடத்தும் காண்கிறோம். மருத நிலத்து நெல் அன்று கடற்கரையில் அரிய பண்டம். இன்றோ திருச்செந்தூருக்குத் தெற்கேயுள்ள ஆலந்தலையிலும் சரி, வடக்கேயுள்ள காயல்பட்டினத்திலும் சரி, உண்கலத்தில் சோறு குவிந்திருக்க, மீன் அதன் ஓரத்தில் ஒரு துண்டாய்க் கிடக்கிறது. விலை கொடுத்து வாங்கிய அரிசி வயிற்றை நிரப்ப, கடல் தந்த மீன் தொடுகறியாயிற்று.

இதே கடற்கரையில் நீரிழிவு நோய் புகாத தெரு இல்லை எனலாம். நோயுற்றவர்க்கு அறிவுரை கூறுவோர் இரு கட்சியினராய்ப் பிரிந்து நிற்கின்றனர். 'சோற்றை அறவே விலக்குக. இறைச்சியும் நெய்யும் வேண்டுமளவு உண்க' என்பது ஒரு கட்சி. 'எண்ணெயையும் முட்டையின் மஞ்சள் கருவையும் தீண்டாதே' என்பது மறு கட்சி. முன்னது மாவுச்சத்துக் குறைந்த உணவுமுறை. பின்னது கொழுப்புக் குறைந்த உணவுமுறை. இவ்விரண்டையும் மருத்துவ உலகம் எவ்வாறு ஒப்பிட்டுப் பார்த்தது, அவ்வொப்பீடு நமக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கணக்கெடுப்பும் சோதனையும்

முதலில் ஒரு வேறுபாட்டை மாணவர்கள் மனத்திற் கொள்ளுதல் நன்று. மக்கள் தாமே உண்பதைக் குறித்துக்கொண்டு, அவர்களுக்கு வந்த நோயையும் குறித்து, இரண்டிற்கும் தொடர்பு தேடுவது ஒரு வகை ஆய்வு. குலுக்கல் முறையில் மக்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கொரு உணவுமுறையைக் கைக்கொள்ளச் செய்து, விளைவை அளப்பது மற்றொரு வகை. முன்னதிலிருந்து ஐயம் பிறக்கலாம்; காரணத்தை நிறுவுவதற்குப் பின்னதே வலிய சான்றாகும்.

முன்னதற்கு நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. இரயில்வே மருத்துவரான மல்ஹோத்ரா என்பார் இந்திய இரயில்வே ஊழியரின் இதயநோய் இறப்புகளைத் தொகுத்து 1967ஆம் ஆண்டில் வெளியிட்டார். நெய்யும் பாலும் மிகுதியாக உண்ட வடநாட்டாரைவிட, கொழுப்பை மிகக் குறைவாக உண்ட தென்னாட்டார் இதயநோயால் இறந்த வீதம் ஏறக்குறைய ஏழு மடங்காக இருந்தது! கொழுப்பே இதயத்தின் பகை என்று மேலை நாட்டார் முழங்கிய காலம் அது. ஆயினும் இதைக் கொண்டு 'நெய் இதயத்தைக் காக்கும்' என்று முடிவு கட்டுதல் தவறாகும். உழைப்பு, புகைபிடித்தல், நோயைக் கண்டறியும் வசதி எனப் பல காரணங்கள் அதனுள் மறைந்திருக்கக்கூடும். 'கொழுப்பைக் குறைத்தாலே போதும்' என்னும் உறுதிப்பாட்டை அது அசைத்தது, அவ்வளவே.

இரு கட்சியும் மோதிய களம்

2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பருமனானவர் 63 பேரைக் கொண்டு ஒரு சோதனை நிகழ்ந்தது. மாவுச்சத்தைக் குறைத்தோர் முதல் ஆறு மாதங்களில் மிகுதியாக எடை குறைந்தனர். ஓராண்டு முடிவிலோ இரு குழுவினர்க்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. வேறு பல சோதனைகளிலும் தொடக்கத்தில் மாவுச்சத்தைக் குறைத்தோர் முந்துவதும், பின்னர் மற்றவர் நெருங்கிவிடுவதும் காணப்படுகின்றன. காரணம் வெளிப்படை. எந்தக் கடுமையான உணவுமுறையும் நாள் செல்லச் செல்லத் தளர்ந்து, பழைய வழக்கம் மெல்லத் திரும்பி வருகிறது.

இவ்வகையில் விரிவானது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கார்ட்னர் குழுவினர் நிகழ்த்தி 2018இல் வெளியிட்ட சோதனையாகும். அதில் 609 பேர் ஓராண்டுக் காலம் பங்கேற்றனர். உணவின் அளவுக்குக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் இரு குழுவினரும் சர்க்கரையையும் தீட்டிய மாவையும் விலக்கிக் காய்கறிகளை நிறைய உண்ண வேண்டும் என்பது பொது விதி. முடிவில் கொழுப்பைக் குறைத்தோர் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தோர் 6 கிலோவும் எடை குறைந்தனர். இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருளற்றது. பிறவியில் அமைந்த மரபணுவையோ இன்சுலின் சுரப்பையோ கொண்டு, 'இவர்க்கு இது பொருந்தும்' என்று முன்கூட்டிச் சொல்லவும் இயலவில்லை.

வழக்கு சமனில் முடிந்தது என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுகின்றனர். நாம் நிறுத்தக்கூடாது. அச்சோதனையில் கொழுப்பைக் குறைத்த குழுவினர் உண்மையில் உண்டது என்ன? ஆண்டு முடிவில் அவர்தம் ஆற்றலில் மாவுச்சத்தின் பங்கு 48 விழுக்காடு. மாவுச்சத்தைக் குறைத்தவர்க்கு அது 30 விழுக்காடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் 1,21,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த 'இண்டியாப்' ஆய்வின்படி, இந்தியர் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. புரதத்தின் பங்கு 12 விழுக்காடு மட்டுமே. அஃதாவது, அமெரிக்கச் சோதனையில் மாவுச்சத்து மிகுந்த அணி என்று எண்ணப்பட்டவர்கூட, நாம் நாள்தோறும் உண்ணும் பங்கைவிடக் குறைவாகவே மாவுச்சத்தை உண்டனர். 'கொழுப்பைக் குறைத்தாலும் நன்மையே' என்னும் அவர்தம் முடிவை, குவிந்த சோற்றின் முன் அமர்ந்துகொண்டு நாம் எடுத்துக்கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

சென்னையில் நடந்தது

இக்கேள்விக்கு விடை தேடியவர்களில் தமிழ்நாட்டு மருத்துவர்கள் முன்னிற்கின்றனர் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி. பேராசிரியர் மா. விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியவர். பின்னர் இராயபுரத்தில் மருத்துவமனை நிறுவியவர். நீரிழிவாளர்க்கு மாவுச்சத்தை வெகுவாகக் குறைப்பதே வழக்கமாயிருந்த காலத்தில், 1970களின் இறுதியில், அவர்தம் குழுவினர் எதிர்த்திசையில் சென்றனர். பருப்பும் காய்கறியும் கலந்த, நார்ச்சத்து நிறைந்த மாவுச்சத்து உணவை மிகுதியாகவும் கொழுப்பைக் குறைவாகவும் அளித்து, அது நோயாளிகட்கு ஏற்றதே எனக் காட்டினர். இங்கே 'நார்ச்சத்து' என்னும் சொல்லே உயிர்நிலை. பிற்காலத்தார் அதை மறந்து, 'மாவுச்சத்து மிகலாம்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டனரோ என்று எண்ணத் தோன்றுகிறது.

பின்னர், மருத்துவர் வி. மோகன் நிறுவிய சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் தீட்டிய அரிசியையே நேரடியாக ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. சிலரைக் கொண்டு சில நாட்களே நடத்தி 2014இல் வெளியிட்ட ஒரு சோதனையில், தீட்டாத அரிசி உண்ட நாட்களில் இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் ஐந்தில் ஒரு பங்களவு குறைந்தது. ஆனால் 166 பேரை மும்மாதம் உண்ணச் செய்த பிந்தைய சோதனையில், குழு முழுமைக்கும் பெரிய பயன் தெரியவில்லை. பருமனும் இரத்த அழுத்தமும் கூடிய வளர்சிதைமாற்றக் குறைபாடு உடையவர்க்கு மட்டும் சிறிதளவு பயன் கிட்டியது. ஆக, அரிசியின் வகையை மாற்றுவது மட்டும் போதாது. 2025இல் வெளிவந்த இண்டியாப் ஆய்வுக் கட்டுரையும் இதனையே வலியுறுத்துகிறது: மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ உண்டவர்க்கு நோய்வாய்ப்பு குறைந்ததாகக் காணப்படவில்லை. இரவில் சோற்றை விட்டு ஆறு சப்பாத்தி உண்டு 'உணவுக் கட்டுப்பாடு' எனப் பெயரிடும் பெரியவர்கள் இதனைக் கருதுவாராக. மாவுச்சத்தில் 5 விழுக்காட்டு ஆற்றலை நீக்கி, அவ்விடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்தை வைத்தவர்க்கே நோய்வாய்ப்பு குறைந்து காணப்பட்டது.

மீன் என்னும் சொல்லை இக்கடற்கரையார் அடிக்கோடிட்டுக் கொள்ளலாம்.

ஆலந்தலைக்கு ஒரு கணக்கு

இண்டியாப் தரவுகளைக் கொண்டு 2022இல் அவ்வாய்வாளர்கள் கணித்த அளவு வருமாறு: புதிதாக நீரிழிவு கண்டவர் அதிலிருந்து மீள, மாவுச்சத்து 49 முதல் 54 விழுக்காடு, புரதம் 19 முதல் 20, கொழுப்பு 21 முதல் 26 என அமைதல் வேண்டும். இது கணக்கெடுப்பிலிருந்து கணித்ததே. குலுக்கல் சோதனையின் முடிவன்று. எனினும் இரு கட்சியாரும் கேட்பதைவிட எளியது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர் 62இலிருந்து 54க்கு இறங்க வேண்டுமாயின், விட வேண்டியது 160 கலோரி. அதாவது 40 கிராம் மாவுச்சத்து. சமைக்காத அரிசியாயின் ஏறத்தாழ 50 கிராம். அதே 160 கலோரியைப் புரதமாகத் தருவதற்கு 200 கிராம் அளவு மீன் போதும். மதியமும் இரவும் ஓர் அகப்பை சோறு குறைத்து, சாளையோ நெத்திலியோ கூட்டி வைத்தால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். பொரிப்பதினும் குழம்பு வைப்பது மேல். கருவாட்டில் உப்பு மிகுதி ஆதலின், இரத்த அழுத்தம் உடையார் அதைப் புது மீனுக்கு ஈடாகக் கொள்ளுதல் கூடாது. கருப்பட்டி நம் தேரிக்காட்டுப் பனையின் கொடைதான். ஆயினும் நீரிழிவாளர்க்கு அதுவும் சர்க்கரையே.

மாவுச்சத்தை இதனினும் கடுமையாகக் குறைப்போர் நிலை என்ன? நீரிழிவாளரிடம் நடந்த 23 சோதனைகளைத் தொகுத்து 2021இல் வெளிவந்த ஆய்வில், ஆறு மாதத்தில் நோய் தணிந்தவர் அவ்வணியில் மிகுதியாயிருந்தனர்; ஓராண்டில் அந்நன்மை தேய்ந்தது. பயன் இல்லாமல் இல்லை. ஆனால் அதில் இடரும் உண்டு. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ உட்கொள்பவர் சோற்றைத் திடீரென விலக்கினால், இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கமும் உயிர்க்கேடும் நேரலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உட்கொள்பவர்க்கு, சர்க்கரை அளவு மிக உயராமலேயே இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. சிறுநீரகம் நலிந்தவர்க்குப் புரத மிகுதியே சுமையாகலாம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை மேற்கோள் காட்டி நோன்புக் காலத்தில் உணவுமுறையை மாற்ற விழைவோரும், நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னரே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் திருத்திக்கொண்ட பின்னரே அதனை மேற்கொள்ள வேண்டும்.