டேட்டா அவ்வப்போது தொலைகிறதா? பொறுப்பை நீங்களே எடுங்கள்

தீபாவளி சீசன். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் பில்லிங் சாஃப்ட்வேருக்கு நீங்கள் சப்போர்ட். "சார், ஸ்டாக் இடிக்குது. நேத்து சரியா இருந்துச்சு" என்று போன் வருகிறது. எப்போதாவது தலைகாட்டும் கோளாறு என்றால் டீமில் பலர் நழுவுவார்கள். நீங்கள் முன்னே வாருங்கள். அப்ரைசலில் பேசப்போவது இதுதான்.

1. வகை பிரியுங்கள். டேட்டா சேவ் ஆகவே இல்லையா, சேவ் ஆனபின் மாறியதா, இருந்தும் ஸ்கிரீனில் வரவில்லையா? ஸ்கிரீன் படிக்கும் ரெப்ளிகா (டேட்டாபேஸின் நகல்) பின்தங்கினால், பத்திரமாக இருக்கும் பில்லும் தொலைந்ததுபோலத் தெரியும். பிரைமரி டேட்டாபேஸிலேயே பாருங்கள்.

2. நேரத்தைப் பிடியுங்கள். பில் நம்பர், கவுன்டர், நேரம் மூன்றையும் லாகில் பதியுங்கள். கூட்ட நேரத்தில் மட்டும் இடித்தால், கவுன்டர்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

3. கையால் கணக்குப் போடுங்கள். இருப்பு 10 சேலை. இரண்டு கவுன்டரும் ஒரே நொடியில் 10 என்று படிக்கின்றன. முதலாவது 3 விற்று 7 என எழுதுகிறது. அடுத்தது 2 விற்று 8 என எழுதுகிறது. இருக்கவேண்டியது 5. எரர் எதுவும் வராது. இதற்குப் பெயர் லாஸ்ட் அப்டேட். மைஎஸ்க்யூஎல் இன்னோடிபியின் டீஃபால்ட் ஐசொலேஷனும் இதைத் தடுக்காது. கழித்தலை ஒரே அப்டேட் கட்டளைக்குள் வையுங்கள். இல்லையென்றால் செலக்ட் ஃபார் அப்டேட் போட்டு ரோவை லாக் செய்யுங்கள்.

4. கமிட்டைச் சோதியுங்கள். எரரை விழுங்கும் காலி கேட்ச் பிளாக்குகளைத் தேடுங்கள். டேபிள் எஞ்சினையும் பாருங்கள். இன்னோடிபி டீஃபால்ட் ஆனது 2010-இல் வந்த மைஎஸ்க்யூஎல் 5.5 வெர்ஷனில்தான். பழைய டேபிள் மைஐசாமில் இருந்தால் ரோல்பேக் கிடையாது. பாதி பில் அப்படியே நின்றுவிடும்.

5. பேக்கப்பை ரெஸ்டோர் செய்து பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பிரைமரி டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டது. வழக்கமான பேக்கப் முறைகள் கைகொடுக்கவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் மீட்டது. இடைப்பட்ட டேட்டா போனது போனதுதான்.

6. எழுதி அனுப்புங்கள். அறிகுறி, காரணம், ஆதாரம், திருத்தம்: ஒரே பக்கம், உங்கள் பெயரில், மேனேஜருக்கு மெயில். கோளாறை மறுபடி வரவழைக்கும் ஸ்கிரிப்ட்டையும் இணையுங்கள். நாளை தரமணி டைடல் பார்க்கில் இன்டர்வியூ என்றால், ரெஸ்யூமேயில் பத்து டெக்னாலஜி பெயர்களை அடுக்கியவரைவிட இந்த ஒரு கேஸை விளக்குபவர்தான் முந்துவார்.

இன்றே டிக்கெட் லிஸ்ட்டைத் திறவுங்கள். 'ரீப்ரொட்யூஸ் ஆகவில்லை' என்று மூடிவைத்த ஒன்றை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.