காற்றுக்கு ஒரு நாள்

அன்புள்ள வித்யாவுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். பத்து நாளில் மைக்கோனோஸ், சான்டோரினி, ரோட்ஸ், கோர்ஃபு, நடுவில் ஏதென்ஸ். கல்யாணத்துக்குப் பிறகு நீயும் மாப்பிள்ளையும் போகிற முதல் நீண்ட பயணம். ஒன்றையும் விடக்கூடாது என்ற ஆசை புரிகிறது. ஆனால் இப்படிப் போனால் பாதிப் பொழுது துறைமுகத்திலும் விமான நிலையத்திலும்தான் கழியும்.

கிரேக்கத்தில் மக்கள் வசிக்கும் தீவுகளே 200-க்கு மேல். அவை கூட்டம் கூட்டமாகச் சிதறிக் கிடக்கின்றன. கப்பல்களும் பெரும்பாலும் ஒரு கூட்டத்துக்குள்தான் தாராளமாக ஓடும். கோர்ஃபு மேற்கே அயோனியக் கடலில். மைக்கோனோஸ் கிழக்கே ஏஜியன் கடலில். இரண்டுக்கும் நடுவே நிலப்பரப்பே குறுக்கே நிற்கிறது. ரோட்ஸோ துருக்கிக் கரையை ஒட்டி இருக்கிறது. ஆகவே முதலில் ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடு. முதல் முறைக்கு ஏஜியனில் உள்ள சைக்ளேட்ஸ் கூட்டம் போதும். அதிலும் மூன்று தீவுக்கு மேல் வேண்டாம்.

தீவு மாறும் ஒவ்வொரு நாளிலும் அரை நாள் போய்விடும் என்று கணக்கு வை. காலையில் அறையைக் காலி செய்ய வேண்டும். பெட்டியோடு துறைமுகத்தில் காத்திருக்க வேண்டும். அங்கே போனால் அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும். நான் சொல்லும் வழி இது: ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் 3-ஆம் பாதை நேராக பிரேயஸ் துறைமுகத்துக்கே போகிறது. அங்கிருந்து பாரோஸ், நக்சோஸ், சான்டோரினி மூன்றும் ஒரே கப்பல் பாதையில் அடுத்தடுத்து வரும். பாரோஸிலிருந்து நக்சோஸ் ஒரு மணி நேரத்துக்குள். நக்சோஸிலிருந்து சான்டோரினி சுமார் இரண்டு மணி நேரம்.

கப்பலில் இரண்டு வகை. பெரிய சாதாரணக் கப்பல் பிரேயஸிலிருந்து சான்டோரினிக்கு எட்டு மணி நேரம்போல எடுத்துக்கொள்ளும். மேல்தளத்தில் காற்று வாங்கியபடி போகலாம். அதிவேகக் கப்பலில் ஐந்து மணி நேரம் ஆகும். பெரும்பாலும் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும், கட்டணமும் கூடுதல். பெரிய கப்பலில் இறங்கும் விதம் தெரிந்திருக்கட்டும். அறிவிப்பு வந்ததும் எல்லாரும் கீழே வண்டித் தளத்துக்கு இறங்கிவிடுவார்கள். லாரிகளுக்குப் பக்கத்தில் பெட்டியும் கையுமாக நிற்க வேண்டும். கப்பல் பின்பக்கமாகத் துறையை நெருங்கும்போதே சரிவுப் பாலம் சங்கிலிச் சத்தத்தோடு இறங்க ஆரம்பித்துவிடும். சில நிமிடங்களில் ஒரு கூட்டம் இறங்கி, இன்னொரு கூட்டம் ஏறி, கப்பல் கிளம்பிவிடும். ஏறும்போதே பெட்டியை நீங்கள் இறங்கும் தீவின் பெயர் போட்ட அலமாரியில் வைத்துவிட்டால், அந்த அவசரத்தில் தேட வேண்டியிருக்காது.

இப்போது முக்கியமான விஷயம். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து 'மெல்தேமி' என்ற காற்று நாள்கணக்கில் அடிக்கும். வானத்தில் ஒரு மேகம் இருக்காது. கடல் மட்டும் வெள்ளை வெள்ளையாக நுரைக்கும். பால்கன் பக்கம் உயர் அழுத்தம், துருக்கிப் பக்கம் தாழ்வழுத்தம். இரண்டுக்கும் இடையே பாய்வதுதான் இந்தக் காற்று. நமக்குப் பருவமழை கொண்டுவரும் தெற்காசியத் தாழ்வழுத்தத்தின் மேற்கு வால்தான் துருக்கிவரை நீள்கிறது. நம்மூரில் ஆடிக்காற்று அம்மியைத் தூக்கும் மாதங்களிலேயே அங்கும் அடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். காற்று அளவு மீறினால் துறைமுக அதிகாரிகள் கப்பலை நிறுத்திவிடுவார்கள். அதிவேகக் கப்பல்கள்தான் முதலில் நிற்கும். பயணம் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்கும், அல்லது அடுத்த கப்பலில் இடம் கிடைக்கும். ஆனால் வானிலைதான் காரணம் என்றால் அன்றிரவு தங்கும் செலவு உங்கள் தலையில்தான். அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு ஏதென்ஸில் இருந்தே ஆகவேண்டும். மே கடைசி, ஜூன், செப்டம்பர் என்றால் இந்தத் தொல்லை குறைவு. செப்டம்பரில் கடல்நீரும் இதமாக இருக்கும். ஆகஸ்ட் 15 மாதாவின் பெருவிழா. அதையொட்டிக் கிரேக்கர்களே தீவுகளுக்குப் படையெடுப்பார்கள். கப்பலிலும் இடமிருக்காது, விடுதியிலும் இடமிருக்காது.

காற்றைப் புரிந்துகொண்டால் தீவுகளும் புரியும். வடகாற்று அடிக்கும் நாளில் தென்கரைக் கடற்கரைக்குப் போங்கள். தண்ணீர் அமைதியாக இருக்கும். சான்டோரினியில் திராட்சைக் கொடியைப் பந்தலில் ஏற்றுவதில்லை. தரையோடு தரையாகக் கூடைபோல வளைத்துப் பின்னிவிடுகிறார்கள். குலை கூடைக்குள் மறைந்திருக்கும். காற்றும் மணலும் அதைக் கிழிக்க முடியாது. மழை குறைந்த அந்த மண்ணுக்குக் கடல்மூடுபனியின் ஈரமும் துணை.

அதே தீவில் அக்ரோதிரியை விட்டுவிடாதீர்கள். சுமார் கி.மு. 1600-இல் எரிமலைச் சாம்பல் மூடிய ஊர் அது. தொல்லியலாளர் ஸ்பைரிடன் மரினாடோஸ் 1967-இல் அங்கே தோண்டத் தொடங்கினார். மாடி வீடுகளும் கழிவுநீர்க் குழாய்களும் வெளிப்பட்டன. மனித உடல்கள் கிடைக்கவில்லை. மக்கள் முன்கூட்டியே ஊரைக் காலி செய்திருக்க வேண்டும். ஓயா கிராமத்தில் சூரியன் மறைவதைப் பார்க்க நெரிசலில் நிற்பதைவிட, ஃபிராவிலிருந்து ஓயாவரை மலைவிளிம்பில் சுமார் 10 கிலோமீட்டர் விடியற்காலையில் நடப்பது மேல்.

அதிக நாள் நக்சோஸுக்குக் கொடுங்கள். துறைமுகத்தை ஒட்டி 2,500 ஆண்டுகளுக்கு முன் பாதியில் நின்றுபோன அப்பல்லோ கோயிலின் பளிங்கு வாசல் தனியாக நிற்கிறது. அப்பொல்லோனாஸ் பக்கம் பழைய கல்வெட்டாங்குழியில், 10 மீட்டருக்கு மேல் நீளமான முடிக்காத சிலை ஒன்று படுத்த நிலையிலேயே கிடக்கிறது. உள்ளே மலைக்கிராமங்கள், உருளைக்கிழங்கு வயல்கள், பாலாடைக்கட்டி என்று தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொள்ளும் தீவு.

நீ சைவம், கவலை வேண்டாம். மசித்த பருப்பின்மேல் வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் போட்ட 'ஃபாவா' எங்கும் கிடைக்கும். எண்ணெயில் வேகவைத்த காய்கறிகளுக்கு 'லதெரா' என்று கேள். நோன்பு உணவு என்று மட்டும் கேட்டுவிடாதே. அவர்கள் நோன்பில் கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் தடையில்லை. சான்டோரினியில் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ளாதே. முன்பதிவில் கப்பல் நேரத்தை முதலில் பார், பிறகு அறை. திட்டத்தில் ஒரு நாளை மட்டும் எதுவும் எழுதாமல் விட்டுவை. காற்று அடித்தால் அது காற்றுக்கு. அடிக்காவிட்டால் எந்தத் தீவு பிடித்ததோ அங்கே இன்னொரு நாள். எந்தத் தீவு என்பதில் உங்கள் இருவருக்கும் சண்டை வந்தால், அதை மட்டும் என்னிடம் கொண்டுவராதீர்கள்.

அன்புடன்,
அத்தை