கிறிஸ்துமஸ் விடுமுறையில் தீம் பார்க்: சரோஜினி நகர்க் குடும்பங்களுக்கு ஒரு திட்டம்

டிசம்பர் நெருங்கினாலே தில்லித் தமிழர் வீடுகளில் பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: "லீவுக்கு எங்கே கூட்டிட்டுப் போறீங்க?" முந்தைய தலைமுறைக்கு இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. பிரகதி மைதானத்து அப்பு கர். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான யானைக்குட்டியின் பெயரில் 1984-இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்கா 2008-இல் மூடப்பட்டது. இன்று நொய்டா, ரோகிணி, ஊருக்குப் போனால் சென்னை என்று வழிகள் பல. கூட்டமும் அதற்கேற்பப் பெருகிவிட்டது. கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு வரையிலான வாரம் உலகம் முழுவதும் தீம் பார்க்குகளுக்கு உச்ச சீசன்.

ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போய், நாள் முழுக்க வரிசையில் நின்று, மூன்றே மூன்று ராட்டினம் ஏறிவிட்டு, அழுத பிள்ளையோடு திரும்பும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. கூட்டத்தைக் குறைப்பது நம் கையில் இல்லை. கூட்டம் குறைந்த தேதியையும் நேரத்தையும் பிடிப்பது நம் கையில் இருக்கிறது. அதிலும் தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. அதிலிருந்தே தொடங்குவோம்.

1. இரண்டு காலண்டர்களை அருகருகே வையுங்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு பெரும்பாலும் டிசம்பர் 23-ஐ ஒட்டி முடியும். அன்று முதல் புத்தாண்டு வரை அங்குள்ள பிள்ளைகளுக்கு விடுமுறை. சென்னைப் பூங்காக்களில் கால் வைக்க இடமிருக்காது. தில்லி அரசு கல்வித்துறையின் காலண்டரில் குளிர்கால விடுமுறை பொதுவாக ஜனவரி 1 முதல் 15 வரை வருகிறது. அதாவது, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிய பிறகு, பொங்கலுக்கு முன்பு, உங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் விடுமுறை. அந்த வாரத்தின் செவ்வாய், புதன், வியாழன்தான் பொன்னான நாட்கள். இந்தப் பருவத்தில் அவை 2027 ஜனவரி 5, 6, 7.

வடகிழக்குப் பருவமழையும் இதே யோசனைக்குத் துணை நிற்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் சென்னை மறக்கவில்லை. ஜனவரியில் மழை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். மின்னல் வெட்டினால் திறந்தவெளி ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள் என்பதால், மழையில்லாத நாள் என்பது டிக்கெட் காசு வீணாகாத நாளும் கூட.

கேந்திரிய வித்யாலயாவில் படிக்கும் பிள்ளைகளுக்கு டிசம்பர் கடைசியில்தான் விடுமுறை. அவர்களுக்கு வேறு வழி இல்லை, அதே வாரத்தில்தான் போக வேண்டும். அப்படியானால் 25, 26, 31, ஜனவரி 1 ஆகிய நான்கு நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். 2026-இல் டிசம்பர் 25 வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறும் சேர்ந்து நீண்ட விடுமுறையாகிவிடும். 28 முதல் 30 வரையிலான வார நாட்கள் அதைவிட எவ்வளவோ தேவலை.

2. தில்லியா, சென்னையா?

ஊருக்குப் போகும் திட்டமே இல்லையென்றால் சரோஜினி நகரிலிருந்து பிங்க் லைன் மெட்ரோ போதும். ரோகிணியில் உள்ள அட்வென்ச்சர் ஐலண்டுக்கு நேதாஜி சுபாஷ் பிளேஸில் ரெட் லைன் மாறி, கடைசி நிலையமான ரிட்டாலாவில் இறங்க வேண்டும். நொய்டாவின் வேர்ல்ட்ஸ் ஆஃப் வொண்டருக்கு எதிர்த்திசையில் போய், மயூர் விஹார் ஃபேஸ் 1-இல் புளூ லைன் மாறி, நொய்டா செக்டர் 18-இல் இறங்க வேண்டும். எங்கே போவதானாலும் முந்தின நாள் தொலைபேசியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: நாளை திறந்திருக்கிறதா? பராமரிப்புக்காக எந்த ராட்டினம் நிறுத்தப்பட்டிருக்கிறது?

தில்லிக் குளிரில் நீர் விளையாட்டைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்து குளிர் இறங்கிவிடும். காற்றின் தரத்தை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் பாருங்கள். வீசிங் உள்ள பிள்ளை இருந்து, குறியீடு 300-ஐத் தாண்டியிருந்தால், தயங்காமல் நாளை மாற்றுங்கள்.

ராட்டினம் ஒத்துக்கொள்ளாத பாட்டி தாத்தாவும் கைக்குழந்தையும் உள்ள வீடுகளுக்கு இன்னொரு இடம் உண்டு. சராய் காலே கான் அருகே 2019-இல் திறந்த வேஸ்ட் டு வொண்டர் பூங்காவில், பழைய இரும்பைக் கொண்டே உலகின் ஏழு அதிசயங்களைச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். மெட்ரோவில் வண்டி மாற வேண்டிய அவசியமில்லை. இரண்டு மணி நேரத்தில் நிதானமாகச் சுற்றிவிடலாம்.

சென்னைக்குப் போகிறவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபியும் எம்ஜிஎம்மும், பூந்தமல்லிப் பக்கம் குயின்ஸ்லேண்டும் பழகிய இடங்கள். திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்த பிறகு பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். கொச்சி, பெங்களூரு, ஹைதராபாத், புவனேசுவரத்துக்குப் பிறகு அந்த நிறுவனம் அமைத்த ஐந்தாவது பூங்கா அது. நகரின் வடக்குப் பகுதியில் உறவினர் வீட்டில் தங்கினால் காலைப் போக்குவரத்தே இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். முந்தின இரவு தாம்பரத்திலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ இருக்கும் சித்தி, அத்தை வீட்டில் படுத்துக்கொள்வது நல்லது.

3. ரயிலும் விமானமும்: பனியைக் கணக்கில் வையுங்கள்

ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்பே திறக்கிறது. டிசம்பர் 20 பயணத்துக்கு அக்டோபர் 21 காலை 8 மணி. நவராத்திரிக் கொலுவை எடுத்து வைத்த கையோடு உட்கார வேண்டும். கணக்கில் ஆதாரை முன்கூட்டியே இணைத்து வையுங்கள். முன்பதிவு திறக்கும் நேரத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கே அனுமதி. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஜி.டி. இரண்டிலும் இடம் வேகமாகத் தீரும். தட்காலைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வட இந்தியப் பனிமூட்டத்தில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். ஆகவே சென்னை போய்ச் சேரும் நாளிலோ மறுநாளிலோ பூங்கா டிக்கெட் எடுக்காதீர்கள். நடுவில் ஒரு முழு நாள் சும்மா இருக்கட்டும். விமானமென்றால் விடியற்காலை விமானம் மலிவாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பனி அடர்வது நள்ளிரவுக்குப் பிறகும் காலையிலும்தான். பதினொரு மணிக்கு மேல் கிளம்பும் விமானமே பாதுகாப்பானது. சரோஜினி நகரிலிருந்து மூன்றாவது நிலையமான துர்காபாய் தேஷ்முக் சவுத் கேம்பஸில் இறங்கி, நடைபாலம் வழியே தௌலா குவான் போனால் டெர்மினல் 3-க்கு ஏர்போர்ட் லைன் கிடைக்கும்.

எல்.டி.சி. என்னும் விடுப்புப் பயணச் சலுகையில் போகும் மத்திய அரசு ஊழியர்கள் விமான டிக்கெட்டை பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய மூன்றில் ஒன்றின் வழியாகத்தான் எடுக்க வேண்டும். வேறு தளத்தில் மலிவாகக் கிடைத்ததென்று எடுத்துவிட்டு, பில் திரும்பி வந்தபின் வருந்துவதில் பயனில்லை.

4. ஆளுக்கு ஒன்று எழுதுங்கள். சுவரில் உயரம் குறியுங்கள்

பூங்காவின் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, வீட்டில் ஒவ்வொருவரும் கட்டாயம் வேண்டும் என்கிற ஒன்றை மட்டும் எழுதச் சொல்லுங்கள். பாட்டிக்கும் ஒன்று. நான்கு பேர் என்றால் நான்கு. அவை முடிந்தால் அந்த நாள் வெற்றி. மற்றதெல்லாம் கூடுதல் லாபம். நாற்பது ராட்டினத்தையும் ஏறிவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் எதையும் ரசிப்பதில்லை.

அடுத்து, பிள்ளைகளைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெரிய ராட்டினங்களுக்குக் குறைந்தபட்ச உயரம் உண்டு. வொண்டர்லாவில் சிறுவர் கட்டணமே உயரத்தை வைத்துத்தான். ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற பிள்ளையை வாசலில் அளவுகோலோடு நிற்கும் ஊழியர் திருப்பி அனுப்பினால், அந்தப் பிஞ்சு மனசு வாடிவிடும். எது ஏறலாம், எது கூடாது என்பதை வீட்டிலேயே சொல்லித் தயார்ப்படுத்துங்கள். உயரத்தைக் கூட்டிக் காட்டச் செருப்புக்குள் துணி வைப்பது போன்ற வேலை கூடவே கூடாது. பாதுகாப்புப் பிடி அந்த உடலளவுக்கென்று அமைக்கப்பட்டது.

5. சரோஜினி மார்க்கெட்டில் சாமானும் ஒத்திகையும்

வேண்டிய துணியெல்லாம் வீட்டு வாசலிலேயே கிடைக்கும். திங்கட்கிழமை மார்க்கெட் விடுமுறை. சனி, ஞாயிறு நசுங்கிவிடுவீர்கள். செவ்வாய் அல்லது புதன் முற்பகலில் போங்கள். வாங்க வேண்டியவை: மடித்துப் பைக்குள் வைக்கும் மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட், சீக்கிரம் உலரும் நைலான் டீ-ஷர்ட், அரைக்கால் சட்டை அல்லது லெகிங்ஸ். நீர் விளையாட்டுகளில் பருத்தி உடையை அனுமதிப்பதில்லை. பூங்காவுக்குள் வாங்கினால் விலை அதிகம். தில்லியில் எட்டு டிகிரியில் கிளம்பிச் சென்னையில் 28 டிகிரியில் இறங்குவீர்கள். கனமான ஸ்வெட்டரை உடம்பில் போட்டுக்கொண்டு போங்கள், பெட்டியில் இடம் மிச்சம்.

அதே மார்க்கெட்டை ஒத்திகைக் களமாகவும் பயன்படுத்தலாம். கூட்டத்தில் நுழையும் முன் பிள்ளையிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். "எங்களைக் காணலேன்னா தேடி ஓடாதே, நின்ன இடத்திலேயே நில்லு. யூனிஃபார்ம் போட்டவங்ககிட்ட மட்டும் சொல்லு. அம்மா நம்பரை மனப்பாடமாச் சொல்லு." அங்கேயே இரண்டு முறை கேட்டுப் பாருங்கள். பூங்காவில் அது கைகொடுக்கும். பூங்காவுக்குப் போகும் அன்று காலையில், அன்றைய உடையோடு பிள்ளையை ஒரு படம் எடுத்து வையுங்கள். காணாமல் போனால் "நீலச் சட்டையா, பச்சையா" என்று திணற வேண்டியதில்லை.

6. அன்றைய நாளை மணிப்படி பிரியுங்கள்

திறப்பதற்கு முக்கால் மணி முன்பே வாசலில் இருங்கள். டிக்கெட் முன்பே இணையத்தில் எடுத்திருக்க வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம்: உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் முதல் ராட்டினத்தில்தான் எல்லோரும் நிற்பார்கள். அதை விட்டுவிட்டு, உங்கள் பட்டியலில் மிகப் பெரியதற்கு நேராகப் போங்கள். லாக்கரில் பையை வைக்க ஒருவர் மட்டும் போகட்டும்.

வரிசையில் சேரும் முன் ஒரு நிமிடம் நின்று கணக்குப் போடுங்கள். ஒரு சுற்றில் 24 பேர் ஏறுகிறார்கள், ஏற்றி இறக்க 4 நிமிடம் என்றால், மணிக்கு 15 சுற்று, 360 பேர். உங்களுக்கு முன் 180 பேர் நின்றால் அரை மணி நேரம். ஒரு சுற்றில் 8 பேரே ஏறும் ராட்டினத்தில் அதே 180 பேர் என்றால் ஒன்றரை மணி. வரிசையின் நீளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், நகரும் வேகத்தைப் பாருங்கள்.

பதினொன்றே முக்கால்: சாப்பாடு. ஒரு மணிக்கு உணவகம் நிரம்பும்போது நீங்கள் சாப்பிட்டு முடித்திருப்பீர்கள். வயிறு நிறைய உண்டபின் அரை மணியாவது சுற்றும் ராட்டினத்தில் ஏறாதீர்கள். பொம்மை ரயில், காட்சி அரங்கு போன்றவற்றுக்கு அந்த நேரம். வெளி உணவைப் பல பூங்காக்கள் அனுமதிப்பதில்லை. கைக்குழந்தையின் உணவு, மருந்து ஆகியவற்றுக்கான விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிற்பகல்: நீர் விளையாட்டு. நான்கு மணிக்கெல்லாம் வெளியே வந்து உலர்ந்த உடை மாற்றுங்கள். ஈர உடையோடு வெயில் தாழும் வரை விட்டால், ஊர் திரும்பும் ரயிலில் காய்ச்சல்தான்.

கடைசி ஒன்றரை மணி: பிள்ளைகுட்டிக்காரர்கள் கிளம்பத் தொடங்குவார்கள், வரிசை இளகும். விட்டுப்போனதை ஏற இதுதான் நேரம்.

கூடுதல் பணம் கட்டி வரிசையைத் தாண்டும் ஃபாஸ்ட்ராக் டிக்கெட் வேண்டுமா என்று கேட்பார்கள். ஜனவரி வார நாளில் தேவையில்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் போக முடியும் என்றால், தங்குமிடத்தில் சிக்கனம் பிடித்தாவது அதை வாங்குவது தகும்.

7. யார் ஏறக் கூடாது, எதை அணியக் கூடாது

கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், முதுகு அல்லது கழுத்துவலி உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வேகமான ராட்டினங்களைத் தவிர்க்க வேண்டும். வாசலில் எழுதியிருக்கும் எச்சரிக்கைப் பலகையை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். தில்லிக் குளிரில் மஃப்ளரும் துப்பட்டாவும் சால்வையும் சகஜம். சுழலும் சக்கரத்திலும் கோ-கார்ட் அச்சிலும் அவை சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கழற்றிப் பைக்குள் வையுங்கள். நீண்ட கூந்தலை முடிச்சிட்டுக்கொள்ளுங்கள். நகைகள் வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு பிடி சரியாகப் பூட்டவில்லை என்று தோன்றினால், வண்டி கிளம்பும் முன் கையைத் தூக்கிச் சத்தம் போடுங்கள். பின்னால் நிற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஏறாதவர்களுக்கும் ஒரு வேலையும் ஒரு நிழலான இடமும் வேண்டும். பாட்டி தாத்தா உட்காரும் இடத்தையே குடும்பத்தின் சந்திப்பு இடமாக்குங்கள். இரண்டு மணிக்கொரு முறை எல்லோரும் அங்கே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும். அவர்களும் அந்த நாளின் நடுவில் இருப்பார்கள், ஓரத்தில் அல்ல.

8. இப்போதே குறித்துக்கொள்ள

செப்டம்பர்: பள்ளி விடுமுறைத் தேதியும் அலுவலக விடுப்பும் உறுதி.
அக்டோபர்: டிசம்பர் பயணத்துக்கு ரயில் முன்பதிவு (ஜனவரிப் பயணமென்றால் நவம்பரில்), எல்.டி.சி. விண்ணப்பம்.
நவம்பர்: பூங்கா டிக்கெட், தேதி மாற்ற முடியுமா என்று பார்த்து எடுங்கள்.
டிசம்பர் முதல் வாரம்: மார்க்கெட், ஒத்திகை, உயர அளவு.
முந்தின நாள்: வானிலை, தொலைபேசி விசாரிப்பு, எட்டு மணிக்குத் தூக்கம்.
மறுநாள்: எந்தத் திட்டமும் வேண்டாம்.

இந்த ஏற்பாடுகளில் பணம் கேட்பவை மிகக் குறைவு. முன்யோசனை ஒன்றே போதும். பிள்ளைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுவார்கள், நம்மோடு ராட்டினம் ஏற ஆசைப்படும் வருடங்கள் கொஞ்சம்தான். அந்த வருடங்களை வரிசையில் கழிக்காமல் காப்பாற்றும் வழி, இன்றிரவே அந்த இரண்டு காலண்டர்களையும் எடுத்துப் பார்ப்பது.