இரட்டை நோயுற்ற இளைஞர்களும் செவிலியர் பணியும்

முதல் வகை நீரிழிவு பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேயே தலைகாட்டுகிறது. நாள்தோறும் பன்முறை இன்சுலின் ஊசி, இரத்தப் பரிசோதனை, உணவில் கணக்கு ஆகியவை வாழ்நாள் முழுவதும் தொடர்பவை. இத்தகைய இளைஞரிடையே மனச்சோர்வு ஏனைய இளைஞரைக் காட்டிலும் மிகுதி என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. உடலுக்கு ஒரு பிரிவு, மனத்திற்கு மற்றொரு பிரிவு என இயங்கும் மருத்துவமனையில், இரண்டையும் ஒருங்கே காணும் வாய்ப்புப் பெற்றவர் செவிலியரே.

ஊசியைத் தவறவிடும் சிறுமியைச் சொற்பேச்சுக் கேளாதவள் என்று கடிந்துகொள்வது எளிது. உடல் பருக்குமோ என்னும் அச்சம், தோழியர் முன் ஊசி போட்டுக்கொள்ளும் கூச்சம், வாழ்விலேயே பற்றின்மை என இவற்றுள் எதுவும் காரணமாகலாம். கடிந்துகொண்டால், அடுத்த முறை அவள் குறிப்பேட்டில் பொய்யளவுகளை எழுதி வரக்கூடும். "ஏன் போடவில்லை?" என்பதைவிட, "சென்ற வாரம் எந்த நாட்களில் கடினமாக இருந்தது?" என்று கேட்பது பயன் தரும்.

அறிகுறிகளும் ஏமாற்றும். வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியவை மனப்பதற்றத்திலும் தோன்றும். இரத்தச் சர்க்கரை தாழும்போதும் தோன்றும். ஆகவே முதலில் சர்க்கரையை அளந்து பார்த்தல் வேண்டும். அது 70 மில்லிகிராமிற்குக் குறைந்து, நோயாளி விழுங்கும் நிலையில் இருந்தால், 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிடங்களுக்குப்பின் மீண்டும் அளக்க வேண்டும். ஒலான்சபின் போன்ற மனநோய் மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் உயர்த்துவதால், அவை தொடங்கப்பெறும் நாளிலேயே எடையைக் குறித்துவைத்தல் நலம்.

தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்பது அவ்வெண்ணத்தைத் தூண்டாது. அத்தகைய எண்ணம் தென்பட்டால் மருத்துவருக்கு உடனே தெரிவிப்பதோடு, இன்சுலினைப் பெற்றோர் பொறுப்பில் வைத்து, அவர்கள் கையாலேயே போடச் செய்ய வேண்டும். ஊசியை நிறுத்திவிடுதல் கூடாது.

தேசிய மனநலத் திட்டம் 1982இலும், மாவட்ட மனநலத் திட்டம் 1996இலும் தொடங்கப்பெற்றன. 10 முதல் 19 வயதினருக்கான தேசிய வளரிளம்பருவ நலத்திட்டம் 2014இல் வந்தது. 2022 முதல் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கிறது. மனநல நிலையத்தில் சேர்க்கப்படும் சிறாரை வயது வந்தோரினின்று பிரித்துத் தங்கவைக்கவேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. ஏற்பாடுகள் இல்லாமலில்லை, இவற்றை இணைக்கும் கைதான் குறைவு.

அக்குறை மிகுதியாகப் புலப்படுவது, குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியோர் பிரிவிற்கு மாறும் வேளையில்தான். பழகிய செவிலியரை இழந்த இளைஞர் பலர் அத்துடன் வருகையையே நிறுத்திக்கொள்கின்றனர். இன்சுலின் அளவு, மனநோய் மருந்து, அண்மைய மனநிலை ஆகிய மூன்றும் அடங்கிய ஒரே குறிப்புத்தாளைக் கொடுத்தனுப்பி, முதல் வருகையன்று புதிய பிரிவின் செவிலியரிடம் நேரில் அறிமுகம் செய்துவைப்பதற்குத் தனி நிதி ஒதுக்கீடு ஏதும் தேவையில்லை.