மாற்றுச் சிறுநீரகமும் தடுப்பூசியும்

என் கணவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்து எட்டு மாதமாகிறது. ஃப்ளூ ஊசி போடலாமா? பேரக் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால் அவருக்கு ஆபத்தா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

தாராளமாகப் போடலாம். ஃப்ளூ ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமி. அதனால் ஃப்ளூ வராது. நிமோகாக்கஸ், ஹெபடைட்டிஸ் பி ஊசிகளும் அவருக்கு ஏற்றவையே. உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் ஊசிகள்தான் அவருக்கு ஆகாதவை.

ஆனால் பலன் மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கலாம். உறுப்பைக் காக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள் எதிர்ப்பாற்றலை அடக்கிவைப்பதே காரணம். 2021இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் உறுப்பு மாற்றிக்கொண்ட 658 பேரைச் சோதித்தார்கள். இரண்டு தவணை கொரோனா ஊசிக்குப் பிறகும் 46 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள் உருவாகவில்லை. அதற்காக ஊசி போடும் நாளில் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், உறுப்புக்கே ஆபத்து. வீட்டில் எல்லோரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அதுவே அவருக்கு வேலி.

பேரக் குழந்தையின் ஊசி எதையும் தள்ளிப்போட வேண்டாம். போலியோ சொட்டு மருந்து மட்டும் விதிவிலக்கு. அதிலுள்ள உயிருள்ள வைரஸ் சில வாரங்கள் மலத்தில் வெளியேறும். குழந்தை மருத்துவரிடம் தாத்தாவின் நிலையைச் சொல்லி, சொட்டுக்குப் பதிலாகப் போலியோ ஊசி கேளுங்கள். ரோட்டா சொட்டு கொடுக்கலாம். அதைக் கொடுத்த பிறகு சில வாரங்களுக்கு டயப்பர் மாற்றும் வேலை தாத்தாவுக்கு வேண்டாம்.